இணையம் இல்லாத பழைய பொதுக் கணினிக்கு எந்த ஆன்டிவைரஸ்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பள்ளிக் கணினி அறை, ஊர் நூலகம், ஜெராக்ஸ் கடையின் டிடிபி மேஜை, சங்க அலுவலகம் போன்ற இடங்களில் பத்துப் பன்னிரண்டு வயதான கணினிகளுக்கான பக்கம் இது. 1 முதல் 4 ஜிபி ராம், சுழலும் ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் எக்ஸ்பி அல்லது 7 அல்லது 10, நெட் இணைப்பு கிடையாது, ஆனால் நாள் முழுக்க யாராவது ஒருவர் பென் டிரைவைச் செருகிக்கொண்டே இருப்பார். அப்படிப்பட்ட கணினியை மனதில் வைத்தே பதில்கள் எழுதப்பட்டுள்ளன.

நெட்டே இல்லையே, வைரஸ் எங்கிருந்து வரும்?

பென் டிரைவ், மெமரி கார்டு, வெளி ஹார்ட் டிஸ்க், போன் கேபிள் வழியாக வரும். 2008 இறுதியில் உலகமெங்கும் பரவிய கான்ஃபிக்கர் என்ற புழு (தானாகவே பரவும் வைரஸ்), நெட்வொர்க் வழியாக மட்டுமல்லாமல் பென் டிரைவ் வழியாகவும் தொற்றியது. 2010-இல் வெளிச்சத்துக்கு வந்த ஸ்டக்ஸ்நெட், இணையத்தோடு தொடர்பே இல்லாத ஈரானின் நதான்ஸ் அணு நிலையத்துக்குள் நுழைந்தது. பென் டிரைவில் தொற்றிப் பரவும்படிதான் அது எழுதப்பட்டிருந்தது.

அதற்கு முன் ஒன்றைச் சரிபாருங்கள்: உங்கள் கணினியில் உண்மையிலேயே நெட் இல்லையா? சார்ஜ் போட என்று போனைச் செருகும் ஒருவர் போனில் யூஎஸ்பி டெதரிங்கைத் தட்டிவிட்டால், அடுத்த சில நொடிகளில் கணினி இணையத்தில் இருக்கும். ஆண்டுக்கணக்கில் பேட்ச் (ஓட்டையை அடைக்கும் அப்டேட்) போடாத விண்டோஸுக்கு அது நல்லதல்ல. பயாஸில் (கணினி தொடங்கும்போதே திறக்கும் அமைப்புப் பக்கம்) லேன், வைஃபை இரண்டையும் அணைத்து விடுங்கள். போன் சார்ஜுக்குத் தனியாக ஒரு அடாப்டரை மேஜையிலேயே வையுங்கள். அறிவிப்பு ஒட்டுவதைவிட இது வேலை செய்யும்.

"லைட் ஆன்டிவைரஸ்" பட்டியல்களில் முதலில் இருப்பதைப் போட்டால் போதாதா?

போதாது. அந்தப் பட்டியல்கள் நெட் உள்ள கணினிகளுக்காகப் போடப்பட்டவை. ஒரு ஆன்டிவைரஸ் லேசாக இருப்பதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான்: சந்தேகமான கோப்பின் கைரேகையைத் தன் நிறுவனத்தின் சர்வருக்கு அனுப்பி, "இது நல்லதா கெட்டதா" என்று கேட்டுக்கொள்கிறது. வைரஸ் அடையாளத் தொகுப்பில் பெரும்பகுதி அங்கேதான் இருக்கும். உங்கள் கணினியில் இருப்பது ஒரு சிறு பகுதி. நெட்டைப் பிடுங்கிவிட்டால் அதற்குப் பாதிக் கண் தெரியாது. ஐகான் மட்டும் பச்சையாகவே இருக்கும்.

முழுத் தொகுப்பையும் கணினியிலேயே வைத்திருக்கும் ஆன்டிவைரஸ் நெட் இல்லாமலும் பார்க்கும், ஆனால் அது ராமைத் தின்னும். அதாவது லேசாகவும் இருந்து நெட் இல்லாமலும் முழுதாகப் பார்ப்பது கிட்டத்தட்ட கிடையாது. அதனால்தான் இப்படிப்பட்ட கணினியில் முதல் காவலை ஆன்டிவைரஸிடம் ஒப்படைக்க வேண்டாம் என்கிறோம். வைரஸ் வருவதற்கு வழி ஒன்றே ஒன்று இருக்கும்போது, உள்ளே வந்தது எதுவென்று தேடுவதைவிட, வந்தது எதுவும் ஓடாமல் செய்வது சுலபம். அதற்கு விண்டோஸிலேயே வசதி இருக்கிறது, ராமும் செலவாகாது.

அப்படியென்றால் முதலில் என்ன செய்ய வேண்டும்?

எல்லோரும் உட்காரும் கணக்கை ஸ்டாண்டர்ட் யூசராக மாற்றுங்கள். அட்மின் கணக்கு தனியாக, கடவுச்சொல்லோடு, பொறுப்பாளர் ஒருவரிடம் மட்டும். பொதுக் கணினிகளில் பலவற்றில் ஒரே கணக்கு, அதுவும் அட்மின், கடவுச்சொல் இல்லை. மற்ற எதைச் செய்தாலும் இந்த ஓட்டை இருக்கும்வரை பயனில்லை.

சில பழைய டிடிபி, அக்கவுண்டிங் மென்பொருள்கள் ஸ்டாண்டர்ட் கணக்கில் திறக்காது. தன் சொந்த போல்டருக்குள்ளேயே அமைப்புகளை எழுத முயல்வதே காரணம். அதற்காக அனைவருக்கும் அட்மின் கொடுக்காதீர்கள். அந்த மென்பொருள் எழுத முயலும் ஐஎன்ஐ கோப்புக்கோ துணை போல்டருக்கோ மட்டும், ப்ராப்பர்ட்டீஸில் செக்யூரிட்டி பக்கம் போய் யூசர்ஸ் குழுவுக்கு மாடிஃபை அனுமதி கொடுங்கள். முழு போல்டருக்கும் கொடுத்தால், வைரஸ் வந்து உட்கார நீங்களே இடம் ஒதுக்கியதாகிவிடும்.

பென் டிரைவிலிருந்து எதுவும் ஓடாமல் எப்படித் தடுப்பது?

விண்டோஸ் ப்ரொஃபஷனல் பதிப்பில் சாஃப்ட்வேர் ரெஸ்ட்ரிக்‌ஷன் பாலிசி என்று ஒன்று உண்டு. எக்ஸ்பி ப்ரொஃபஷனல் முதல் விண்டோஸ் 10 ப்ரோ வரை இருக்கிறது. அனுமதித்த இடங்களைத் தவிர வேறு எங்கிருந்தும் நிரல் ஓடக்கூடாது என்பதே அதன் வேலை.

அட்மின் கணக்கில் நுழைந்து, கண்ட்ரோல் பேனலில் அட்மினிஸ்ட்ரேட்டிவ் டூல்ஸ், அதில் லோக்கல் செக்யூரிட்டி பாலிசி திறங்கள். சாஃப்ட்வேர் ரெஸ்ட்ரிக்‌ஷன் பாலிசீஸ் மீது ரைட் கிளிக் செய்து புதிதாக உருவாக்குங்கள். பிறகு இந்த வரிசையில்:

1. என்ஃபோர்ஸ்மென்ட்டில் "லோக்கல் அட்மினிஸ்ட்ரேட்டர்களைத் தவிர அனைவருக்கும்" என்பதைத் தேர்ந்தெடுங்கள். இதை முதலில் செய்யாவிட்டால், ஏதாவது தவறினால் நீங்களே வெளியே நிற்க நேரிடும்.
2. டெசிக்னேட்டட் ஃபைல் டைப்ஸ் பட்டியலில் எல்என்கே என்பதை நீக்குங்கள். நீக்காவிட்டால் டெஸ்க்டாப்பில் உள்ள ஷார்ட்கட் ஒன்றுகூடத் திறக்காது.
3. அடிஷனல் ரூல்ஸில் விண்டோஸ் போல்டரும் ப்ரோக்ராம் ஃபைல்ஸும் தானாகவே அனுமதிக்கப்பட்டிருக்கும். 64 பிட் விண்டோஸில் எக்ஸ்86 என்று முடியும் இன்னொரு ப்ரோக்ராம் ஃபைல்ஸும் உண்டு. அது பட்டியலில் இல்லையென்றால் புதிய பாத் ரூலாகச் சேருங்கள்.
4. விண்டோஸ் போல்டருக்குள் இருக்கும் டெம்ப் போல்டருக்குத் தடை விதி ஒன்று போடுங்கள். சாதாரணக் கணக்கும் அதில் எழுத முடியும்.
5. கடைசியாக செக்யூரிட்டி லெவல்ஸில் டிஸ்அலவ்டு என்பதை டிஃபால்ட் ஆக்கி, கணினியை ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

இனி பென் டிரைவில் இருக்கும் எக்ஸி மட்டுமல்ல, அதை டெஸ்க்டாப்புக்கு நகலெடுத்து இயக்கினாலும் ஓடாது. வேர்டு, பிடிஎஃப், படங்கள் எப்போதும்போல் திறக்கும். டி டிரைவில் நிறுவியிருக்கும் மென்பொருள் ஏதாவது இருந்தால் அதுவும் நின்றுபோகும். அதன் போல்டருக்கு ஒரு அனுமதி விதி சேர்த்தால் சரி. அந்த போல்டரில் சாதாரணக் கணக்கு எழுத முடியாதபடியும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இதோடு, விபிஎஸ் போன்ற ஸ்கிரிப்ட் கோப்புகளை இயக்கும் விண்டோஸ் ஸ்கிரிப்ட் ஹோஸ்ட்டையும் அணைத்து விடுங்கள். பென் டிரைவ் புழுக்களில் நிறைய விபிஎஸ் ஸ்கிரிப்ட்களே. ரிஜிஸ்ட்ரியில் எச்கீ லோக்கல் மெஷின், சாஃப்ட்வேர், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ் ஸ்கிரிப்ட் ஹோஸ்ட், செட்டிங்ஸ் என்று போய், எனேபிள்டு என்ற பெயரில் டிவேர்டு ஒன்று உருவாக்கி மதிப்பை 0 ஆக வையுங்கள். ஏதாவது ஒரு பிரிண்டர் இன்ஸ்டாலர் பிறகு முரண்டு பிடித்தால், தற்காலிகமாக 1 ஆக்கி, முடிந்ததும் திருப்பி விடுங்கள்.

எங்களுடையது ஹோம் பதிப்பு. அந்தப் பாலிசி எதுவும் இல்லையே?

விண்டோஸ் 7 ஹோமில் கண்ட்ரோல் பேனலில் பேரன்ட்டல் கண்ட்ரோல்ஸ் இருக்கிறது. பெயரைப் பார்த்துக் கடந்துவிடாதீர்கள். பொதுக் கணக்கைத் தேர்ந்தெடுத்து, "நான் அனுமதிக்கும் நிரல்களை மட்டும்" என்பதை அழுத்தினால், கணினியில் உள்ள நிரல்களின் பட்டியல் வரும். தேவையானதற்கு மட்டும் டிக் போடலாம். முதல் இரண்டு நாள் ஏதாவது ஒன்று விடுபட்டு யாராவது குறை சொல்வார்கள், சேர்த்துவிடுங்கள். ஸ்கிரிப்ட் ஹோஸ்ட் அணைப்பது ஹோமிலும் வேலை செய்யும்.

ஆட்டோரனை அணைத்துவிட்டோம். அது போதாதா?

பென் டிரைவைச் செருகியதும் அதிலுள்ள நிரல் தானாக ஓடுவதுதான் ஆட்டோரன். அதை அணைப்பது வேண்டியதுதான், போதாது. விண்டோஸ் 7-இல் பென் டிரைவுக்கு ஆட்டோரன் ஆரம்பத்திலிருந்தே கிடையாது. எக்ஸ்பிக்கு 2011 பிப்ரவரியில் மைக்ரோசாஃப்ட் அனுப்பிய அப்டேட் அதே வேலையைச் செய்தது. புழு எழுதுகிறவர்கள் உடனே வேறு வழிக்கு மாறினார்கள்: தானாக ஓட முடியாவிட்டால் மனிதரை வைத்தே கிளிக் செய்ய வைப்பது. இன்று நீங்கள் பார்க்கும் "ஷார்ட்கட் வைரஸ்" அதுதான். ஸ்டக்ஸ்நெட்டோ கிளிக் கூடக் கேட்கவில்லை. ஷார்ட்கட்டின் ஐகான் திரையில் தெரிந்தாலே போதும். அந்த ஓட்டையை அடைத்த பேட்ச் 2010 ஆகஸ்ட்டில் வந்தது, எண் எம்எஸ்10-046. எக்ஸ்பியோ ஆரம்பகால விண்டோஸ் 7-ஓ வைத்திருப்பவர்கள் அது போடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

சரி, ஆன்டிவைரஸ் வேண்டவே வேண்டாமா? எங்கள் ராமுக்கு எது பொருந்தும்?

வேண்டும், ஆனால் இரண்டாம் காவலாக. ராமைப் பொறுத்து எங்கள் கருத்து இது.

1 ஜிபி அல்லது அதற்கும் குறைவு, எக்ஸ்பி: பின்னணியில் எப்போதும் ஓடும் ஆன்டிவைரஸ் எதையும் போடாதீர்கள். எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரல் 8 அன்று முடிந்தது. இன்றைய ஆன்டிவைரஸ் பெரும்பாலும் அதில் நிறுவவே மறுக்கும், பழைய பதிப்பைத் தேடிப் போட்டால் அடையாளத் தொகுப்பு பழசாகவே நிற்கும். மேலே சொன்ன தடைகள், ஒரு நல்ல டிஸ்க் இமேஜ் (டிரைவின் முழு நகல்), பென் டிரைவை வேறு கணினியில் ஸ்கேன் செய்யும் வழக்கம், இவை போதும்.

2 ஜிபி, விண்டோஸ் 7: காசு கொடுத்து வாங்குவதாக இருந்தால், நெட் இல்லாமல் அப்டேட் செய்ய தனிக் கோப்பு தரும் நிறுவனமாகப் பாருங்கள். சென்னையின் கே7, புனேயின் குயிக் ஹீல் இரண்டும் அப்படிப்பட்ட ஆஃப்லைன் அப்டேட் கோப்புகளைத் தங்கள் தளத்தில் வைத்திருக்கின்றன. பணம் கொடுக்குமுன் கடைக்காரரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: இந்தப் பதிப்பு விண்டோஸ் 7-இல் நிறுவுமா? நெட் இல்லாமல் லைசென்ஸ் ஆக்டிவேட் செய்ய வழி உண்டா? இரண்டாவதற்குத் தெளிவான பதில் வராவிட்டால் வாங்காதீர்கள்.

4 ஜிபி, விண்டோஸ் 10: கூடவே வரும் டிஃபெண்டரே போதும். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தாலும், டிஃபெண்டரின் வைரஸ் அடையாளங்களை 2028 அக்டோபர் வரை தருவதாக மைக்ரோசாஃப்ட் அறிவித்திருக்கிறது. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: "ஃபுல் ஸ்கேன்" என்ற பெயரை நம்பி ஏமாற வேண்டாம், இயல்பாக அது பென் டிரைவைத் தொடாது. பென் டிரைவை ரைட் கிளிக் செய்து தனியாக ஸ்கேன் கொடுக்க வேண்டும்.

எந்த ராமாக இருந்தாலும் பின்னணியில் ஓடும் ஆன்டிவைரஸ் இரண்டைச் சேர்த்துப் போடாதீர்கள். ஒரே கோப்பை இரண்டும் பிடித்து இழுத்து, கணினி உறைந்துபோகும். செலவு செய்யக் கொஞ்சம் பணம் இருந்தால், புது லைசென்ஸைவிட ஒரு சிறிய சாட்டா எஸ்எஸ்டி வாங்குவது மேல். ஸ்கேன் நடக்கும்போது கணினி தவிப்பதற்குப் பெரும் காரணம் சுழலும் ஹார்ட் டிஸ்க்தான்.

கிளாம்ஏவி இலவசம், லேசு என்கிறார்களே?

இலவசம் சரி. லேசு இல்லை. ஸ்கேன் தொடங்கும்போது முழு அடையாளத் தொகுப்பையும் ராமில் ஏற்றுகிறது, அதற்கே 1 ஜிபிக்கு மேல் போய்விடும். 2 ஜிபி கணினியில் ஸ்கேன் கொடுத்தால் டிஸ்க் விளக்கு எரிந்தபடியே இருக்கும். விண்டோஸுக்கான கிளாம்வின்னில் பின்னணிக் காவலும் கிடையாது. நீங்களாகக் கேட்டால்தான் பார்க்கும். சற்றுப் புதிய லேப்டாப் ஒன்றில் லினக்ஸோடு போட்டு, வருகிற பென் டிரைவ்களைச் சோதிக்கும் மேஜையாக வைப்பதற்குக் கிளாம்ஏவி நல்ல தேர்வு.

நெட் இல்லாமல் அப்டேட் செய்வது எப்படி?

டிஃபெண்டருக்கு மைக்ரோசாஃப்ட் தளத்தில் எம்பாம்-எஃப்இ என்ற ஒரே கோப்பாக முழுத் தொகுப்பும் கிடைக்கும். 32 பிட்டுக்கும் 64 பிட்டுக்கும் தனித்தனி. அளவு நூறு எம்பியைத் தாண்டும். நெட் உள்ள கணினியில் இறக்கி, ப்ராப்பர்ட்டீஸில் டிஜிட்டல் சிக்னேச்சர்ஸ் பக்கத்தில் மைக்ரோசாஃப்ட் பெயர் இருக்கிறதா என்று பார்த்து, கொண்டுவந்து அட்மின் கணக்கில் இயக்க வேண்டும். திரையில் எதுவும் தெரியாது. முடிந்ததா என்று டிஃபெண்டரின் பக்கத்தில் தேதியைப் பார்த்துத்தான் அறிய முடியும். தினமும் பென் டிரைவ் வரும் இடமென்றால் வாரம் ஒருமுறை, அரிதாக வரும் இடமென்றால் மாதம் ஒருமுறை.

கொண்டுவரும் பென் டிரைவே நோயைக் கொண்டுவரக் கூடாது. பழைய கணினியில் டிவிடி டிரைவ் வேலை செய்தால், டிவிடி-ஆரில் எழுதி ஃபைனலைஸ் செய்துவிடுங்கள்; அதன் பிறகு எந்த வைரஸும் அதில் எழுத முடியாது.

அப்டேட் தோற்பதற்கு இரண்டு காரணங்கள் அடிக்கடி வரும். முதலாவது, மதர்போர்டின் சிஆர்2032 பேட்டரி தீர்ந்திருக்கும். கரண்ட் போனதும் தேதி பல ஆண்டு பின்னுக்குப் போய்விடும். நெட் இல்லாததால் தானாகச் சரியாகாது. இன்று வந்த கோப்பின் சான்றிதழ் "இன்னும் தொடங்காத தேதி" என்று தெரியும், விண்டோஸ் ஏற்க மறுக்கும். பேட்டரி சில பத்து ரூபாய்தான், மாற்றி விடுங்கள். இரண்டாவது விண்டோஸ் 7-க்கு மட்டும்: ஷா-2 என்ற வகை டிஜிட்டல் கையெழுத்தைப் புரிந்துகொள்ளும் கேபி4490628, கேபி4474419 என்ற இரண்டு அப்டேட்களும் இல்லையென்றால் புதிய கோப்புகளின் கையெழுத்தை அது சரிபார்க்க முடியாது. இந்த வரிசையிலேயே போடுங்கள்.

பென் டிரைவில் எல்லா போல்டரும் ஷார்ட்கட்டாகிவிட்டது. ஃபார்மட் செய்ய வேண்டுமா?

வேண்டாம், கோப்புகள் அதிலேயே இருக்கின்றன. புழு அவற்றுக்கு ஹிட்டன், சிஸ்டம் என்ற இரண்டு அடையாளங்களைப் போட்டு மறைத்துவிட்டு, அதே பெயரில் ஷார்ட்கட் வைத்திருக்கிறது. அதில் ஒன்றை ரைட் கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸில் டார்கெட் வரியைப் பாருங்கள். சிஎம்டி என்று தொடங்கும், நடுவில் டபிள்யூஸ்கிரிப்ட்டும் ஏதோ ஒரு விபிஎஸ் பெயரும் வரும், கடைசியில் உங்கள் போல்டர் பெயர். கிளிக் செய்தவருக்குப் போல்டரும் திறக்கும், பின்னால் புழுவும் ஓடும். அதனால்தான் யாரும் சந்தேகப்படுவதில்லை.

சுத்தமான கணினி ஒன்றில் கமாண்ட் ப்ராம்ட் திறந்து, பென் டிரைவின் எழுத்துக்கு மாறி, அட்ரிப் கட்டளையை மைனஸ் எச், மைனஸ் ஆர், மைனஸ் எஸ் என்ற மூன்றோடும், ஸ்லாஷ் எஸ், ஸ்லாஷ் டி என்ற இரண்டோடும் கொடுங்கள். மறைந்தவை வெளியே வரும். சில வகைகள் எல்லாவற்றையும் பெயரே இல்லாத ஒரு போல்டருக்குள் தள்ளியிருக்கும். அதையும் திறந்து பாருங்கள். ஷார்ட்கட்களையும் விபிஎஸ்ஸையும் அழித்தபின் தேவையான கோப்புகளை மட்டும் நகலெடுத்து, பிறகு ஃபார்மட் செய்யலாம். லினக்ஸ் லைவ் சிடி இருந்தால் இன்னும் எளிது, அதில் இந்த ஷார்ட்கட்கள் வெறும் கோப்புகள்தான்.

போல்டர் ஐகான் போட்ட எக்ஸி வேறு வகை. எக்ஸ்ப்ளோரரில் டீடெய்ல்ஸ் வியூ வைத்து டைப் என்ற பத்தியைப் பாருங்கள். போல்டருக்கு அளவு காட்டாது. "அப்ளிகேஷன்" என்று போட்டு, எல்லாவற்றுக்கும் ஒரே கேபி அளவு காட்டினால் அது போல்டர் இல்லை.

கணினிக்குள்ளேயே வைரஸ் புகுந்துவிட்டது. இப்போது என்ன செய்வது?

ஓடிக்கொண்டிருக்கும் விண்டோஸுக்குள்ளிருந்து சுத்தம் செய்ய முயன்றால் சாலிட்டி போன்ற வைரஸ்கள் எளிதில் போகாது. அவை எக்ஸி கோப்புகளுக்குள்ளேயே ஒட்டிக்கொள்பவை, ஆன்டிவைரஸையும் நிறுத்தப் பார்க்கும். காஸ்பர்ஸ்கை ரெஸ்க்யூ டிஸ்க் போன்ற பூட் டிஸ்கில் கணினியைத் தொடங்கி, விண்டோஸ் தூங்கும்போதே ஸ்கேன் செய்ய வேண்டும்.

நேர்மையாகச் சொன்னால், பொதுக் கணினிக்கு இதைவிட நல்ல வழி டிஸ்க் இமேஜ்தான். கணினியைப் புதிதாக நிறுவி, தமிழ் எழுத்துருக்கள், பிரிண்டர், தடைகள் எல்லாம் அமைத்து முடித்த அன்றே குளோன்சில்லாவைக் கொண்டு சி டிரைவை ஒரு வெளி ஹார்ட் டிஸ்கில் இமேஜாக எடுத்து வையுங்கள். அந்த டிஸ்க் பீரோவில் இருக்கட்டும், கணினியில் செருகியே இருக்கக் கூடாது. அடுத்த முறை சந்தேகம் வந்தால் ஆராய்ச்சி செய்யாமல் இமேஜைத் திருப்பிப் போடுங்கள். பயனர்களின் கோப்புகள் டி டிரைவில் இருந்தால்தான் இது வலியில்லாமல் நடக்கும்.

மைக்ரோசாஃப்ட் சேஃப்டி ஸ்கேனர் அவசரத்துக்கு உதவும், ஆனால் இறக்கிய 10 நாளில் காலாவதியாகும். சேர்த்து வைக்க முடியாது. டாக்டர்வெப் க்யூர்இட்டும் எம்சிசாஃப்ட் எமர்ஜென்சி கிட்டும் நல்லவை, ஆனால் இலவச உரிமம் வீட்டுப் பயனுக்கு மட்டுமே; கடைக்கும் பள்ளிக்கும் பொருந்தாது.

டீப் ஃப்ரீஸ் போட்டால் ரீஸ்டார்ட்டில் எல்லாம் போய்விடுமே, ஆன்டிவைரஸ் எதற்கு?

நல்ல யோசனைதான், மாணவர்கள் புழங்கும் அறைக்குப் பொருத்தமும்கூட. உறைய வைத்த டிரைவில் நடந்த மாற்றம் எல்லாம் ரீஸ்டார்ட்டில் மறையும். கவனிக்க மூன்று விஷயம்: உறையாத டி டிரைவில் வைரஸ் அப்படியே இருக்கும், ரீஸ்டார்ட் ஆகும்வரை அன்று வந்த எல்லாப் பென் டிரைவுக்கும் தொற்றும், உறைந்த நிலையில் போட்ட ஆன்டிவைரஸ் அப்டேட்டும் சேர்ந்தே மறையும். எனவே அப்டேட்டுக்கு முன் தாவ் செய்து (உறைவை நீக்கி), அப்டேட்டை முடித்து, மறுபடி ஃப்ரீஸ் செய்ய வேண்டும்.

கீஜென்னை வைரஸ் என்கிறது, தமிழ் டைப்பிங் மென்பொருளையும் சந்தேகப்படுகிறது. எக்ஸ்க்ளூஷனில் போடலாமா?

இரண்டும் ஒன்றல்ல. தமிழ் தட்டச்சு மென்பொருள் எல்லா விசைகளையும் இடைமறித்து எழுத்தாக மாற்றுகிறது. கீலாகர் (தட்டச்சு செய்வதைத் திருட்டுத்தனமாகப் பதிவு செய்யும் நிரல்) செய்வதும் கிட்டத்தட்ட அதே வேலைதான் என்பதால் ஆன்டிவைரஸ் குழம்பலாம். உருவாக்கியவரின் தளத்திலிருந்தே இறக்கியதாக இருந்தால் அந்த ஒரு கோப்பை மட்டும் விலக்கு கொடுங்கள், டிரைவ் முழுவதற்கும் வேண்டாம். திருட்டு லைசென்ஸ் எண் உருவாக்கும் கீஜென், லைசென்ஸ் பூட்டை உடைக்கும் கிராக் விஷயத்தில் எச்சரிக்கை பொய்யா மெய்யா என்று உங்களால் கண்டுபிடிக்க முடியாது. அழித்து விடுங்கள்.

லினக்ஸுக்கு மாறிவிட்டால்?

பிடிஎஃப் பார்ப்பது, தட்டச்சு, அச்சிடுவது மட்டும்தான் வேலை என்றால் மாறிவிடுங்கள். பென் டிரைவில் வரும் விண்டோஸ் புழு அதில் ஓடாது. 32 பிட் ப்ராசஸருக்கு இன்னும் ஆன்டிஎக்ஸ் போன்றவை கிடைக்கின்றன. டெபியன் 13 முதல் 32 பிட் இன்ஸ்டாலரை நிறுத்திவிட்டது. பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் உள்ள கோப்புகள் திறக்கும், எழுத்துருவை நகலெடுத்துப் போட வேண்டும். பேஜ்மேக்கர் கோப்புகளை நம்பியிருக்கும் கடையென்றால் மாற வேண்டாம்.

நெட் இல்லை, ஆனால் பத்துக் கணினியும் லேனில் இருக்கின்றன. பரவாயில்லையா?

ஒன்றில் புகுந்தது பத்துக்கும் போகும். 2017 மே மாதம் வான்னாக்ரை பரவியது ஃபைல் ஷேரிங் செய்யும் எஸ்எம்பி1 ஓட்டை வழியாகத்தான். அதற்கான எம்எஸ்17-010 பேட்சை எல்லாக் கணினியிலும் போடுங்கள். எக்ஸ்பிக்கும் மைக்ரோசாஃப்ட் விதிவிலக்காக ஒன்று கொடுத்தது, எண் கேபி4012598. பொது போல்டரை ரீட் ஒன்லியாக வைத்து, எழுதுவதற்கு ஒரே ஒரு போல்டர் மட்டும் விடுங்கள்.

எல்லாம் சரியாக அமைந்திருக்கிறதா என்று எப்படிச் சோதிப்பது?

ஆன்டிவைரஸுக்கு ஐகார் சோதனைக் கோப்பு இருக்கிறது. 68 எழுத்துகள் கொண்ட, யாருக்கும் தீங்கில்லாத ஒரு வரி. எல்லா ஆன்டிவைரஸும் அதை வைரஸ் போலப் பிடிக்க வேண்டும் என்று ஒப்புக்கொண்டவை. பென் டிரைவில் வைத்துக் கொண்டுவந்து பொதுக் கணக்கில் திறந்து பாருங்கள். தடைகளைச் சோதிக்க, விண்டோஸ் போல்டருக்குள் சிஸ்டம்32-இல் இருக்கும் கால்குலேட்டர் எக்ஸியைப் பென் டிரைவுக்கு நகலெடுத்து, அங்கிருந்தே இரண்டு கிளிக் செய்யுங்கள். "அட்மினிஸ்ட்ரேட்டர் தடுத்திருக்கிறார்" என்ற செய்தி வர வேண்டும். கால்குலேட்டர் திறந்துவிட்டால், பெரும்பாலும் நீங்கள் இன்னும் அட்மின் கணக்கில்தான் உட்கார்ந்திருக்கிறீர்கள். லாக் ஆஃப் செய்து பொதுக் கணக்கில் மறுபடி பாருங்கள்.